பயாஸ், சார்பு, கோடல்: மர்பி டவுன் வானொலி ஒன்றை முன்வைத்து

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுனுக்கும் மர்பி வானொலிக்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு நாக்ஸ்பேட்டை எனப்பட்ட பகுதிக்கு, தண்டுப் பகுதியின் பொறியாளராக இருந்த ஒரு மர்பியின் பெயர் சூட்டப்பட்டது. வானொலியோ, ஃபிராங்க் மர்பி என்பார் 1929இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் தொடங்கிய நிறுவனத்தினுடையது. ஒலி ஒன்றுபட்டால் பொருளும் ஒன்றென எண்ணும் மனத்தின் பழக்கத்திற்கு மொழியியலில் தனிப்பெயரே உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.

தொழிற்சொற்களைத் திரட்டும் பணிக்காக அண்மையில் மர்பி டவுனில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். 1960களின் வானொலிப் பெட்டி ஒன்று அங்கே பழுது நீக்கத்திற்காகத் திறந்து கிடந்தது. மர்பி அன்று, வேறொரு நிறுவனத்தின் பெட்டி. இயக்கிய சில நிமிடங்களில் குரல் கரகரத்துச் சிதைந்தது. முதிய மெக்கானிக் ஒலி வெளியீட்டு வால்வின் அடியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். கேத்தோடில் 11 வோல்ட் இருந்தது. "கிரிட்ல வோல்ட் வரக் கூடாது தம்பி. வந்தா வால்வு உள்ள சிவந்துடும்" என்றார். ஒரு மின்தேக்கியின் ஒரு காலைக் கழற்றினார். மீட்டர் 7க்கு இறங்கியது. சில ரூபாய் விலையுள்ள புதிய மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, "பயாஸ் பார்த்தாச்சு" என்று எழுந்தார்.

அவர் எந்தத் திருகையும் திருப்பவில்லை. திருப்புவதற்கு அப்பெட்டியில் ஏதுமில்லை. அப்படியானால் அவர் 'பார்த்தது' எதை? இந்த வினாவே என்னை வானொலிக் குழலின் வரலாற்றிற்குள் இழுத்தது.

வெற்றிடக் குழலை மதகு என்றே கொள்ளலாம். வால்வு என்ற சொல்லின் பொருளும் ஏறக்குறைய அதுவே. சூடேறிய கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. நேர்மின்னழுத்தம் பெற்ற பிளேட் அவற்றை ஈர்க்கிறது. இரண்டிற்கும் நடுவே கம்பிச்சுருளாக நிற்கும் கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மதகுப் பலகை முழுதும் திறந்திருந்தால் மேலும் திறக்க இடமில்லை. முழுதும் மூடியிருந்தால் மேலும் மூட இடமில்லை. வரும் ஒலிக்குறிப்பு ஏறியும் இறங்கியும் அசைவதால் பலகை முன்னதாகவே ஓர் இடைநிலையில் நிற்க வேண்டும். கிரிட்டிற்கு நிலையாகத் தரப்படும் அந்தச் சிறு எதிர்மின்னழுத்தமே பயாஸ்.

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் குழலுக்குள் கிரிட்டைச் சேர்த்தபோது இந்தத் தேவை உணரப்படவில்லை. டெஸ்லாவின் உதவியாளராக இருந்த ஃபிரிட்ஸ் லோவன்ஸ்டைன் 1912இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1917இல் அது வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பாளர் என்று டி ஃபாரஸ்டைச் சொல்லும் பாடநூல்கள், கண்டுபிடித்ததை ஒழுங்காக வேலை செய்ய வைத்தவரைச் சொல்வதில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் பயாஸ் என்பது வீட்டுக்காரரின் வேலை. அக்கால வானொலிக்கு மூன்று மின்கலங்கள் தேவை: இழையைச் சூடேற்ற 'ஏ', பிளேட்டுக்கு 'பி', கிரிட்டுக்கு 'சி'. மூன்றாவது பெரும்பாலும் 9 வோல்ட். ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு துளை இருக்கும். செருகியைத் துளை மாற்றிச் செருகியே பயாஸைச் சரிசெய்தனர். 'சி' மின்கலம் வலுவிழந்தால் பிளேட் மின்னோட்டம் மிகுந்து, விலை மிகுந்த 'பி' மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். எனவே பயாஸில் கவனமின்மை நேரே பணப்பையைத் தாக்கியது. அந்த மின்கலங்கள் மறைந்து தலைமுறைகள் கடந்த பின்னும் குழல் பெருக்கிகளைப் பழுது பார்ப்போர் பிளேட் மின்வழங்கலை இன்றும் 'பி பிளஸ்' என்கின்றனர். பொருள் போய் எழுத்து மட்டும் எஞ்சிய சொல்.

1920களின் இறுதியில் மறைமுகமாகச் சூடேறும் கேத்தோடு வந்தது. வீட்டு மின்சாரத்திலேயே வானொலி இயங்கியது. 'சி' மின்கலத்தின் இடத்தை ஒரு மின்தடை பிடித்தது. இதன் வேலை எளிது, ஆனால் அழகானது. கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே மின்தடை இருப்பதால், ஓடும் மின்னோட்டமே கேத்தோடைச் சில வோல்ட் உயர்த்துகிறது. தரையோடு இணைந்த கிரிட் அதனினும் தாழ்ந்து, தானே எதிர்மின் நிலை அடைகிறது. பல வீட்டு வானொலிகளில் இருந்த இ.எல்.84 வால்வை எடுத்துக்கொள்வோம். பிளேட்டில் 250 வோல்ட், பிளேட் மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர், திரைக் கிரிட்டின் 5.5ஐயும் சேர்த்தால் 53.5. மின்தடை 135 ஓம். பெருக்கினால் 7.2 வோல்ட். பிளேட்டில் 12 வாட் செலவாகிறது. அந்த வால்வு தாங்கும் எல்லையும் அதுவே. மிச்சம் வைக்காமல் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே மெக்கானிக் படித்த 11 வோல்ட்டை 135ஆல் வகுத்தால் 81 மில்லி ஆம்பியர் வருகிறது. காரணம், முந்தைய குழலின் பிளேட்டிலிருந்து ஒலியை மட்டும் கடத்த வேண்டிய காகித மின்தேக்கி ஈரம் உண்டு கசிந்திருக்கிறது. அங்கே 100 வோல்ட் இருந்து, கசிவின் தடை 10 மெகா ஓம் ஆனால், 470 கிலோ ஓம் கிரிட் மின்தடையின் மீது ஏறத்தாழ 4.5 வோல்ட் நேர்மின் அழுத்தம் விழும். பயாஸில் பாதிக்கு மேல் அழிந்தது. மின்னோட்டம் ஏறினால் மின்தடை பயாஸையும் ஏற்றி ஓரளவு ஈடு செய்கிறது. அந்த நல்ல குணமே நோயை மறைக்கவும் செய்கிறது. பெட்டி பல மாதங்கள் பாடிக்கொண்டே வால்வைத் தேய்க்கும். இறுதியில் ஒலி மின்மாற்றியும் எரியலாம். 'பாகங்கள் எதையும் மாற்றாத அசல் பெட்டி' என்று பெருமைப்படும் சேகரிப்பாளர்களிடம் எனக்கு மனவேறுபாடு உண்டு. அசல் மின்தேக்கியைக் காத்து அசல் வால்வை எரிப்பது காப்பாண்மை ஆகாது. கழற்றியதை உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் ஆவணமும் நிற்கும், வால்வும் நிற்கும்.

அந்த வால்வின் கண்ணாடியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் முத்திரை இருந்தது. 1954இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம், மர்பி டவுன் இருக்கும் இதே நகரின் ஜாலஹள்ளியில், 1961இல் வானொலி வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1962இலேயே ஜெர்மானியம் குறைகடத்திகளும் அங்கு வரத் தொடங்கின. வால்வும் அதன் இடத்தைப் பறிக்கப்போகும் பொருளும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்தில் பிறந்தன. இந்திய வானொலி வரலாறு எனப் படிப்பவை பெரும்பாலும் நிலையங்களின் வரலாறு: 1936இல் ஆல் இந்தியா ரேடியோ, 1938இல் சென்னை, 1955இல் பெங்களூரு. கேட்கும் பெட்டியை உயிரோடு வைத்திருந்த கைகள் அந்த வரிசையில் இல்லை. பயாஸ் மின்தடைக்குள் புகுந்தபோது வீட்டுக்காரர் அதை மறந்தார். நினைவில் வைத்திருந்தவர் மெக்கானிக் ஒருவரே.

வால்வு மறைந்தும் சொல் பிழைத்தது. தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் மாணவர் டையோடின் 'முன்னோக்குச் சார்பு', 'பின்னோக்குச் சார்பு' இரண்டையும் படிக்கிறார். அதே மாணவர் கணிதத்தில் வேறொரு கருத்தையும் 'சார்பு' என்றே படிக்கிறார். இலங்கைப் பாடநூல்களில் இது 'முன்முகக் கோடல்', 'பின்முகக் கோடல்'. ஆங்கிலச் சொல்லின் வேர், பிரெஞ்சு மொழியில் சரிவு, சாய்கோணம் எனப் பொருள்படும் ஒரு சொல். கோடுதல் என்றால் வளைதல், ஒருபக்கம் சாய்தல். நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட 'கோடாமை' இதன் எதிர்மறை. வளைவும் ஓரவஞ்சனையும் ஒரே சொல்லில் அமைந்த இந்த ஆக்கம் மூலச்சொல்லோடு வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது. கலைச்சொல் என்ற வகையில் என் வாக்கு கோடலுக்கே. ஆயினும் மர்பி டவுன் மெக்கானிக்கிற்கு இரண்டும் தெரியாது. அவருக்குப் பயாஸ் ஒரு மின்னழுத்தத்தின் பெயரன்று; பார்க்க வேண்டிய ஒன்றின் பெயர். 'நாடி பார்த்தான்' என்பதில் உள்ள அதே 'பார்'.

ஜாலஹள்ளியில் வால்வுப் பிரிவில் பணியாற்றிய தமிழர்கள் இன்று எழுபதுகளையும் எண்பதுகளையும் கடந்திருப்பர். கிரிட் சுற்றுதல், காற்று அகற்றுதல், கண்ணாடி மூடுதல் ஆகியவற்றிற்குத் தொழிற்கூடத்தில் அவர்கள் ஆண்ட சொற்கள் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பதிவுக் கருவியோடு நானே நேரில் வருகிறேன்.