ஹேர் ஸ்ட்ரீட்டுக்கு வராத பனிக்கட்டி

லேக் மார்க்கெட்டுக்கு நான் போவது வாழை இலைக்கும் மல்லிகைப் பூவுக்கும்தான். மீன் வரிசையில் எனக்கு வேலையில்லை. ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் தாவரவியல் நடத்தியவனின் கை சும்மா இருக்குமா? மழைக்காலத்தில் ஹில்சா வந்து இறங்கியதும், மீனுக்கடியில் ஐஸ் உருகிச் சொட்டும் தண்ணீரை ஒரு பழைய மாத்திரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வட்ட வட்டமாகக் காஸினோடிஸ்கஸ் தெரியும். டயட்டம் வகைப் பாசி அது. ஒற்றைச் செல்தான், ஆனால் சிலிக்காவில் பெட்டியும் மூடியுமாக ஓடு செய்துகொண்டு உள்ளே குடியிருக்கும். ஹில்சா தண்ணீரைச் செவுளால் வடிகட்டித் தின்கிற மீன் என்பதால் அங்கே சிக்கியது இங்கே சொட்டுகிறது. மீன்காரருக்குத்தான் இது பிடிக்காது. "ஐஸில் ஒன்றுமே கிடையாது மாஷ்டார்மொஷாய், சுத்தமான ஐஸ்" என்று சத்தியம் செய்வார்.

ஐஸில் ஒன்றுமே இருக்கக் கூடாது என்கிற இந்த ஆசை கொல்கத்தாவுக்குப் பழசு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் இந்த ஊருக்குக் கிடைத்தது ஹூக்ளிப் பனி. சின்சுரா பக்கம், மார்கழி–தை இரவுகளில், தரையில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி வைக்கோல் பரப்பி, அதன்மேல் மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தாலும், தெளிந்த வானத்தின் கீழே தட்டுத் தண்ணீர் தன் சூட்டை இழந்து விடியற்காலையில் ஏடு கட்டும். அதை வழித்துக் குழியில் போட்டு வைப்பார்கள். வெயில் காலத்துக்குள் அது கூழாகிவிடும். மண்ணும் வைக்கோல் தூளும் அதில் இலவசம். மதுக்கோப்பைக்குள் போட முடியாது, புட்டியை வெளியே வைத்துக் குளிர்விக்கத்தான் ஆகும்.

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஏரிப்பனியோடு கிளம்பியது. அனுப்பியவர் பிரெடெரிக் டியூடர். நான்கு மாதம், இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டிய பயணம். செப்டம்பரில் ஹூக்ளிக்குள் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. மிச்சம் பிடித்துக் கொடுத்தது தோல் பதனிட்டு மீந்த மரப்பட்டைத் தூள். பாளம் பாளமாக, ஊடுருவிப் பார்க்க முடிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது அந்தப் பனி. நல்ல தண்ணீர் மெதுவாக உறையும்போது தனக்குள் இருப்பதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், அதனால் வரும் தெளிவு. வெள்ளைக்காரர்கள் சொக்கிப்போனார்கள். சுங்கவரி கிடையாது, உருகாமலிருக்க இரவில் இறக்கிக்கொள்ளலாம் என்று சலுகைகள் கிடைத்தன. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் டியூடரின் ஆளுக்குப் பரிசாகக் கோப்பை கொடுத்தார். சந்தா திரட்டி, ஹேர் ஸ்ட்ரீட் ஓரம், இன்று ஸ்மால் காஸஸ் கோர்ட் நிற்கிற இடத்தில், ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 1842இல் மெரினாவில் அதே டியூடருக்காக எழுந்த கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பனி போயும் 'ஐஸ் ஹவுஸ்' என்ற பேர் அங்கே போகவில்லை.

காபி பிரியனாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். காபி வியாபாரத்தில் சூதாடி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கடன்பட்ட டியூடரைப் பல வருஷம் கழித்துக் கரையேற்றியது முக்கியமாக இந்தக் கொல்கத்தாப் பனிதான்.

கடற்பனியை ஏன் யாரும் வெட்டிக்கொண்டு வரவில்லை என்று வகுப்பில் கேட்பேன். உப்புக் கரிக்கும் என்பார்கள். சரிதான். கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி அளவில் உறைகிறபோது உப்பு முழுதும் வெளியேறுவதில்லை. தலைமுடி கனத்திலும் அதைவிடப் பெரிதாகவும் வாய்க்கால்களாகப் பனிக்குள்ளேயே தங்கிவிடும். குளிர் கூடக் கூட அந்த உப்புநீர் இன்னும் கெட்டியாகும், ஆனால் உறையாது. அந்த வாய்க்கால்களில்தான் டயட்டம்கள் குடித்தனம் நடத்துகின்றன. உறையவிடாத புரதங்களையும் கொழகொழப்பான சர்க்கரைப் பசையையும் சுரந்துகொண்டு, பனி வழியே கசிகிற மங்கல் வெளிச்சத்தில் உணவு சமைக்கின்றன. கடற்பனியின் அடிப்பக்கம் பழுப்பாவது இவற்றால்.

அந்தப் பழுப்பைப் படித்தவர் ஒருவர் இந்த ஊருக்கே வந்தார். ஜோசப் டால்டன் ஹூக்கர். 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ராஸின் அண்டார்டிகாப் பயணத்தில் 'எரபஸ்' கப்பலில் உதவி மருத்துவர், கூடவே தாவரவியலாளர். பனியில் கண்ட கறையை முதலில் எரிமலைச் சாம்பல் என்று நினைத்தவர்கள் உண்டு. பக்கத்திலேயே ஒரு எரிமலை புகைந்துகொண்டிருந்ததால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து வந்த மாதிரிகளை பெர்லினில் எஹ்ரன்பெர்க் ஆராய்ந்து, உயிர்கள் என்றார். ஆனால் அவர் கணக்கில் அவை விலங்குகள். ஹூக்கர் 1847இல் அவை தாவரங்கள்தான் என்று வாதிட்டார். நிலத்தில் புல் செய்கிற வேலையைத் தென்கடலில் இவை செய்கின்றன, இவை இல்லையென்றால் அங்கே விலங்குகளுக்குச் சாப்பாடு இல்லை என்றார். என்னைக் கேட்டால் இமயமலை ரோடோடெண்ட்ரான்களைவிட அந்த ஒரு வாதத்துக்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

1848 ஜனவரி 12ஆம் தேதி, புது கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வந்த அதே கப்பலில் ஹூக்கர் கொல்கத்தாவில் இறங்கினார். கார்டன் ரீச்சில் நீதிபதி சர் லாரன்ஸ் பீல் வீட்டில் விருந்தாளி. ஆற்றுக்கு அக்கரையில் சிப்பூர் தாவரவியல் தோட்டம். பாஸ்டன் பனிக்கப்பல்கள் ஊருக்குள் போவதும் அந்த ஆற்று வழியேதான். நீதிபதி வீட்டு மேஜையில் அவர் முன்னாலும் டியூடரின் பனி ஒரு கோப்பைக்குள் கிணுகிணுத்திருக்கும் என்று எனக்குக் கற்பனை ஓடும். ஜனவரிக் குளிரில் ஐஸ் எதற்கு என்று என் மனைவி கேட்பாள். விருந்துக்குக் குளிர் ஒரு கணக்கா?

1878இல் பெங்கால் ஐஸ் கம்பெனி வந்து இயந்திரத்தில் பனி செய்யத் தொடங்கியதும் பாஸ்டன் கப்பல்கள் மெல்ல நின்றுபோயின.

போன ஆவணியில் மீன்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். தென்துருவத்துக் கடலில் ஐஸ் அடியில் பழுப்பாக இருக்கும், கிரில் என்கிற இறால்மாதிரிப் பிராணி குளிர்காலத்தில் அதைச் சுரண்டித்தான் பிழைக்கும், அந்தக் கிரிலைத் திமிங்கலம் தின்னும் என்றேன். ஹில்சாவைப் புரட்டி வைத்துக்கொண்டே கேட்டவர், அந்த ஐஸை இங்கே கொண்டுவந்தால் எவனும் வாங்க மாட்டான் என்றார்.