கல்கத்தா மைதானில் நடுவரின் ஊதல்

ஆட்டக்களத்தில் நடுவர் வழங்கும் தீர்ப்பு ஒரு நொடியில் பிறந்துவிடுகின்றது. அத்தீர்ப்பின்மேல் எழும் வழக்கு சிலவேளை தலைமுறை கடந்தும் தீர்வதில்லை. இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு கால்பந்துக் கழகங்களின் அன்பர்கள் நூறாண்டாக நடத்திவரும் வழக்கு இத்தகையது. இது வெறும் பந்தாட்டப் பூசல்தானா, அன்றி இதற்கு ஆழமான வேர் உண்டா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மோகன் பகான் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. 1911 ஜூலை 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்ற கணக்கில் வென்றது. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். அடிமைப்பட்டிருந்த மக்கள் அவ்வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர். அக்காலத்தில் நடுவராய் நின்றோர் பெரும்பாலும் ஆங்கிலேயரே. அவர்கள் தம் இனத்தார் பக்கம் சாய்ந்தனர் என்னும் குறை இந்தியக் கழகங்களிடையே பலகாலும் எழுந்தது. ஆளுவோரிடம் நீதி கேட்டுப் பெறமுடியாத மக்கள், ஆடுகளத்திலேனும் அதனைக் கேட்டனர். நடுவரை ஐயுறும் மனப்பான்மை இம்மண்ணில் இங்ஙனம் வேரூன்றியது எனலாம்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததும் ஒரு மனக்குறையினாலேயே. 1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் சேர்க்கப்படவில்லை. கிழக்கு வங்கத்தார் என்பதனாலேயே அவர் ஒதுக்கப்பட்டார் என்ற பேச்சு எழுந்தது. அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி விலகி வந்து, நண்பர் சிலருடன் ஆகஸ்ட் முதல் நாள் புதுக் கழகம் கண்டார். 1947இல் நாடு பிரிவுண்டபோது வீடும் நிலமும் இழந்து வந்த மக்களுக்கு அக்கழகமே இழந்த ஊரின் பெயராய் நின்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் சந்தையில் விலை ஏறும் என்பது அந்நகரத்து வழக்கு.

ஆட்டக்காரர்கள் கழகம் மாறுவர். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கோல்காவலர் பீட்டர் தங்கராஜ், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்டிங் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ஆடியவர். அன்பர்களோ மாறுவதில்லை. அவர்தம் பற்று தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வருவது. ஆதலின், ‘அது தவறாட்டம் அன்று’ என ஒருவர் வாதிடும்போது, தம் குடும்பத்தின் பெருமைக்கும் சேர்த்தே வாதிடுகின்றார். சொல்லளவில் நிற்கும்வரை இவ்வழக்கு இனியது. எதிர்வழக்காடுவோரும் சுவையறிந்தவர் என்ற மதிப்பு அதனுள் அடங்கியிருக்கின்றது.

சொல்லின் எல்லை கடந்த நாள் 1980 ஆகஸ்ட் 16. ஈடன் தோட்டத்தில் நடந்த லீக் ஆட்டத்தில் முரட்டாட்டம் மிகுந்தது. களத்தில் மூண்ட சினம் பார்வையாளர் படிவரிசைகளுக்குப் பரவியது. கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர் வீடு திரும்பவில்லை. எந்தக் கழகத்தின் கொடியும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. பின்னாளில் அந்நாள் கால்பந்து அன்பர் நாளாகக் குருதிக்கொடையுடன் நினைவுகூரப்படலாயிற்று.

எனினும் பாடம் முற்றும் கற்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. 2012 டிசம்பர் 9ஆம் நாள் சால்ட் லேக் அரங்கில், மோகன் பகானின் ஒடாபா ஒகோலிக்கு நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். அதனை அடுத்த கலவரத்தில், எறியப்பட்ட கல் பட்டு அதே அணியின் ரகீம் நபி முகத்தில் காயமுற்றார். மோகன் பகான் பிற்பாதி ஆட மறுத்தது. முதலில் விதிக்கப்பட்ட தடை பின்னர் நீக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் தண்டமாகவும் புள்ளி இழப்பாகவும் மாற்றப்பட்டது.

இவ்வரலாற்றில் மற்றொரு நாளும் உண்டு. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நகரெங்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். அத்திங்கள் 18ஆம் நாள் நடைபெறவிருந்த டூரண்டு கோப்பை ஆட்டம், பாதுகாப்பைக் காரணங்காட்டிக் கைவிடப்பட்டது. ஆட்டம் இல்லையாயினும் இரு கழகத்து அன்பர்களும் அரங்கின் வெளியே திரண்டனர். முகமதன் ஸ்போர்டிங் அன்பர்களும் உடன் நின்றனர். காவலர் தடியடி நடத்தியபோதும் அவர்கள் எழுப்பிய முழக்கம் ஒன்றே: நீதி வேண்டும்.

நூறாண்டாக ஒருவர்க்கெதிராக ஒருவர் கேட்ட நீதியை அன்று அவர்கள் ஒருங்கே கேட்டனர். அடுத்த ஆட்டத்தில் நடுவரின் ஊதல் குறித்து மீண்டும் அவர்கள் வழக்காடத்தான் செய்வர். வழக்கு நீடிக்கட்டும். எதிர்ப்புறம் நிற்பவர் பகைவர் அல்லர், உடன் வழக்காடுபவரே என்னும் நினைவும் உடன் நீடிக்குமாயின், அன்று மாண்ட பதினாறு பேர்க்கும் நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.