சத்தமில்லாத படத்தில் பேசிய மனிதர்



சினிமாவுக்குச் சத்தம் வராத காலத்தில் எடுத்த ஒரு ஆங்கிலப் படம் இருக்கிறது. 1913 ஆம் ஆண்டுப் படம். ஷேக்ஸ்பியரின் 'ஹம்லட்' நாடகத்தைத்தான் படமாக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடும். அதில் இளவரசன் ஹம்லட்டாக வருபவருக்கு அப்போது வயது 60. வயது முகத்தில் தெரியும். ஆனால் நம் கண்ணில் முதலில் படுவது அதுவல்ல. அந்த மனிதருடைய உதடுகள்தான். அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். கெமராவுக்குக் காது இல்லை, ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும், மேடையில் பேசுவது போலவே வசனங்களைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் சேர் ஜோன்ஸ்டன் ஃபோர்ப்ஸ்-ரொபர்ட்சன். அவருடைய காலத்து ஆங்கில நாடக மேடையில் மிகச் சிறந்த குரல் அவருடையது என்று பெயர் எடுத்தவர்.

நாடகக்காரருடைய கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. கடைசிவரை வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்காத ஒரு தொழிலை ஒரு மனிதர் நாற்பது வருடங்கள் எப்படிச் செய்தார் என்பதுதான் இந்தக் கதை. அது நம் எல்லோருடைய வீட்டிலும் உள்ள விஷயம்.

*ஓவியராக வேண்டிய பிள்ளை*

1853 ஜனவரி 16 இல் இலண்டனில் பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பக்கத்தைச் சேர்ந்தவர். பத்திரிகைகளுக்குக் கலை விமர்சனம் எழுதுபவர். வீட்டில் பதினொரு பிள்ளைகள். ஜோன்ஸ்டன் மூத்தவர். வீடு நிறையப் பிள்ளைகளும், எழுத்தை நம்பிய வருமானமும் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு விளக்கத் தேவையில்லை.

பிள்ளைக்குப் பிடித்தது ஓவியம். சார்ட்டர்ஹவுஸ் பாடசாலையிலும், பிரான்ஸின் ரூவாங் நகரத்திலும் படித்துவிட்டு, இலண்டன் ரோயல் அகடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தின் பெரிய ஓவியர் ரொஸெட்டி, தான் வரைந்த 'தாந்தேயின் கனவு' என்ற படத்தில் ஒரு உருவத்துக்கு இந்த இளைஞனைத்தான் முன்மாதிரியாக நிறுத்தினார். அந்தப் படம் இன்றைக்கும் லிவர்பூல் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

ஆனால் ஓவியத்தால் சோறு கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை. 1874 இல், வயது 21 ஆக இருக்கும்போது, நாடக ஆசிரியர் டபிள்யூ. ஜி. வில்ஸ் தன்னுடைய நாடகம் ஒன்றில் ஒரு பாத்திரம் கொடுத்தார். உழைப்பதற்கு ஒரு வழி திறந்தது. அந்த வழியால் போனார். தூரிகையைக் கீழே வைத்தார்.

முழுவதுமாக வைக்கவில்லை. ஓய்வு நேரத்தில் வரைந்துகொண்டே இருந்தார். 1882 இல் லைசியம் தியேட்டரில் ஹென்றி ஏர்விங், எலன் டெரி ஆகிய இரண்டு பெரிய நட்சத்திரங்களோடு ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் நடித்தபோது, தேவாலயத்தில் நடக்கும் ஒரு காட்சியை, தானும் அதில் நிற்கும்படியாக, பெரிய ஓவியமாக வரைந்தார். மேடையில் நின்றுகொண்டிருக்கும்போதும் அவருக்குள் இருந்த ஓவியன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

*உஸ்தாத் கிடைத்தார்*

நடிப்பில் அவருக்கு உஸ்தாதாக அமைந்தவர் சாமுவேல் பெல்ப்ஸ் என்ற முதிய நடிகர். இலண்டனில் சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற தியேட்டரைப் பதினெட்டு வருடங்கள் நடத்தி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெரும்பாலானவற்றைச் சாதாரண மக்களுக்கு மேடையேற்றிக் காட்டியவர். அந்தப் பெரியவரிடமிருந்து இளைஞர் கற்றது ஒன்றுதான். வசனத்தைப் பாட்டாகவும் இழுக்கக்கூடாது, சத்தமாகவும் கத்தக்கூடாது. கருத்து எங்கே போகிறதோ அங்கே குரல் போக வேண்டும்.

நம் மத்ரஸாக்களில் மக்ரஜ் சரியாக வரும்வரை ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்களே, அந்த மாதிரிப் பயிற்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது மைக் இல்லாத காலம். மேல்மாடத்தின் கடைசி வரிசையில் மலிவு டிக்கெட்டில் இருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் விளங்க வேண்டும். தொண்டையைக் கிழிக்காமல் அதைச் செய்வது ஒரு தனி வித்தை.

பெல்ப்ஸ் 1878 இல் இறந்துபோனார். மாணவர் தன் உஸ்தாதை நாடக வேடத்தில் வரைந்த ஓவியம் இலண்டன் கெரிக் கிளப்பில் இருக்கிறது.

*நாற்பத்து நான்கு வயதில் ஹம்லட்*

இருபது வருடத்துக்கு மேலாக அவர் மற்றவர்களுடைய நாடகங்களில்தான் நடித்தார். பெரிய நடிகர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் வேடங்கள். 1895 இல், ஏர்விங் அமெரிக்கப் பயணம் போயிருந்த நேரம், லைசியம் தியேட்டரைத் தானே பொறுப்பெடுத்து ரோமியோவாக நடித்தார். அன்றிலிருந்து நடிகர் மட்டுமல்ல, சம்பளம் கொடுக்க வேண்டிய முதலாளியும் ஆனார்.

1897 செப்டெம்பரில் அதே லைசியத்தில் முதல் தடவையாக ஹம்லட்டாக மேடையேறினார். வயது 44. பலர் அந்த வயதில் அந்த வேடத்தை விட்டுவிடுவார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டென்மார்க் மன்னர் இறந்துவிடுகிறார். அவருடைய தம்பி அரசையும் எடுத்து, அண்ணனுடைய மனைவியையும் மணக்கிறார். மன்னரின் ஆவி மகனிடம் வந்து, தன்னைக் கொன்றது தம்பிதான் என்கிறது. பழிவாங்க வேண்டிய மகன் யோசிக்கிறான், தயங்குகிறான், தன்னையே கேள்வி கேட்கிறான். அந்த மகன்தான் ஹம்லட்.

அதுவரை பல நடிகர்கள் இந்த இளவரசனை இருண்ட முகத்தோடு, பெருமூச்சுகளோடு, நீண்ட மௌனங்களோடு காட்டினார்கள். ரொபர்ட்சனின் ஹம்லட் கண்ணியமானவன், மென்மையானவன், நகைச்சுவை தெரிந்தவன். வசனத்தை நிறுத்தி நிறுத்தி அபிநயம் காட்டாமல், பேசிக்கொண்டே நடித்தார். அப்போது பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த பேர்னாட் ஷோ, பெரிய நடிகர்களையும் தாளித்து எடுப்பவர், இவரை மனம் திறந்து பாராட்டினார். ஷேக்ஸ்பியர் எழுதிய சொற்களின் மேலேயே நடிக்கிறார், சொற்களுக்கு நடுவில் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் ஷோவின் கருத்து. வழக்கமாக வெட்டிவிடுகிற கடைசிக் காட்சியையும் இவர் திரும்பச் சேர்த்திருந்தார்.

ஷோ அதோடு நிற்கவில்லை. 1898 இல் 'சீசரும் கிளியோபட்ராவும்' என்ற நாடகத்தை இவரை மனதில் வைத்தே எழுதினார். 1906 இல் நியூயோர்க்கில் ரொபர்ட்சன் அதை மேடையேற்றினார். கிளியோபட்ராவாக நடித்தவர் அவருடைய மனைவி ஜெர்ட்ரூட் எலியட். அமெரிக்கப் பெண். 1900 இல் திருமணம். நான்கு பெண்பிள்ளைகள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய நடிகைகளின் சங்கத்துக்கு அந்த அம்மாதான் தலைமை தாங்கினார். கணவரும் அந்தக் கோரிக்கைக்கு ஆதரவாக நின்றார்.

1908 இல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ஒரு நாடகம் அவருக்குப் பெரிய வெற்றியைக் கொடுத்தது. ஒரு வாடகை விடுதி. அதில் இருப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள், பொறாமைக்காரர்கள், அற்பர்கள். மூன்றாம் மாடியின் பின்னறைக்கு ஒரு அந்நியர் குடிவருகிறார். யாரையும் கண்டிப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் உள்ள நல்லதை மட்டும் எடுத்துச் சொல்கிறார். அவர் போகும்போது அந்த வீடே மாறியிருக்கிறது. அந்த அந்நியராக ரொபர்ட்சன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடித்தார். இவ்வளவு சாதாரணமான கதை அவ்வளவு கூட்டத்தை இழுத்ததற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

*விடைபெற்ற வருடம்*

1913 இல் போதும் என்று முடிவெடுத்தார். இலண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் மார்ச் முதல் ஜூன் வரை விடைபெறும் நாடகங்கள். அந்தக் கடைசி நாட்களில்தான் மன்னர் 'சேர்' பட்டம் கொடுத்தார். ஜூன் 6 இல் கடைசி நாடகம், ஹம்லட்.

அந்த வருடமே செசில் ஹெப்வேர்த் என்ற தயாரிப்பாளருடைய கம்பனி, கோமொன்ட் கம்பனிக்காக அந்த ஹம்லட்டைப் படம் எடுத்தது. இயக்கியவர் ஹே பிளம்ப். ட்ரூரி லேனில் நடித்த குழுவே படத்திலும் நடித்தது. ஜெர்ட்ரூட்தான் ஒஃபீலியா. வோல்டன் ஸ்டூடியோவில் ஒரு பகுதி. டோர்செட் கடற்கரையில் லுல்வேர்த் கோவ் என்ற இடத்தில் கோட்டை ஒன்றைச் செட் போட்டு இன்னொரு பகுதி. பிலிமில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படம் பதித்து, ஆவியை ஊடுருவித் தெரியும்படி காட்டினார்கள்.

ஒரு குரலுக்குப் பெயர் போன மனிதர், குரலைப் பிடிக்க முடியாத பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். ஷேக்ஸ்பியருடைய நாடகமோ சொற்களால் ஆனது. இடையிடையே எழுத்தில் காட்டும் வசனம் சில வரிகள்தான். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. இன்றைக்கு நம் பிள்ளைகள் வட்சப்பில் அனுப்பி அழித்துவிடுகிற குரலில் ஒரு நிமிடம், அன்றைக்கு அந்த கெமராவுக்கு இருக்கவில்லை.

அவர் பேசியது மேடைப் பழக்கம்தான், சினிமா நடிப்பு அவருக்கு விளங்கவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழக்கம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

1925 இல் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறார். தன்னுடைய சுபாவத்துக்கு இந்தத் தொழில் பொருந்தவில்லை, நடிப்பதில் தான் சந்தோஷப்பட்டது மிக அரிது, மேடையேறும்போதெல்லாம் எப்போது திரை விழும் என்று ஏங்கியதாக எழுதுகிறார். ஊரெல்லாம் கைதட்டிய மனிதர், நாற்பது வருடங்களாக வீட்டுக்குப் போகும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

பார்வையாளர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. தெரியும்படி அவர் ஒரு நாளும் நடந்துகொள்ளவில்லை. நம்மை இந்தக் கதையில் நிறுத்தி வைப்பது இதுதான். விருப்பமில்லாத வேலையை அரைகுறையாகச் செய்வதற்கு எல்லா நியாயமும் அவரிடம் இருந்தது. அவரோ ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. கேட்பவர் இருந்தபோதும் விழுங்கவில்லை, கேட்பவர் இல்லாத கெமராவுக்கு முன்னாலும் விழுங்கவில்லை.

நம்மிடம் இதற்குச் சொற்கள் இருக்கின்றன. கையில் கிடைத்த பொறுப்பு அமானிதம். பார்ப்பவர் இல்லாவிட்டாலும் அழகாகச் செய்வது இஹ்ஸான். அந்த மனிதர் நம் மார்க்கத்தவர் அல்ல, அவருடைய தொழிலும் நம் எல்லோருக்கும் உவப்பானதல்ல. இருந்தாலும் அந்தக் குணத்தை அடையாளம் காண்பதில் நமக்குத் தடையில்லை.

நம் ஊரிலும் மூத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்க விரும்பியது ஒன்று, வாப்பாவின் கஷ்டத்தைப் பார்த்துக் கடையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். தங்கச்சிமார்களுக்காகக் கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நம்மிலும் வேறெதையோ கனவு கண்டுவிட்டு வெண்கட்டியைப் பிடித்தவர்கள் எத்தனை பேர்? உயர்தரப் பெறுபேறு வந்ததும், பிடித்தது கிடைக்கவில்லை, இனி எல்லாம் போச்சு என்று உட்காருகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். பிடித்த வேலை கிடைப்பது ஒரு நிஃமத். கிடைத்த வேலையைச் சரியாகச் செய்வது நம் கையில் உள்ளது. பிடித்ததை முழுவதுமாக விட்டுவிடவும் தேவையில்லை. ரொபர்ட்சன் கடைசிவரை வரைந்துகொண்டுதான் இருந்தார்.

மீதிக் கதையையும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவிலும் விடைபெறும் பயணம் போய், 1916 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹம்லட்டாகவே கடைசியாக மேடையேறினார். மூன்றாம் மாடி அந்நியரும் பிறகு ஊமைப்படமாக வந்தது. எழுபது வயது தாண்டிய பிறகு ஹம்லட்டின் சில பகுதிகளை இசைத்தட்டுக்காகப் பேசினார். அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியது அவ்வளவுதான், அதுவும் முதுமைக் குரல். 1937 நவம்பர் 6 இல், கென்ட் கடற்கரையிலிருந்த தன் வீட்டில், 84 வயதில் இறந்துபோனார்.

படம் அழியாமல் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் படிக்கும் பிள்ளைகள் யாருடைய வீட்டிலாவது இருந்தால், தேடி எடுத்துக் காட்டுங்கள். கதை விளங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த உதடுகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.