மூன்று பாட மரபின் தோற்றம்: இங்கிலாந்தின் ஆறாம் படிவமும் கிரௌதர் அறிக்கையின் விளக்கமும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் பதினாறு வயதில் பொது இடைநிலைத் தேர்வை முடிக்கும் மாணவர், எட்டோ ஒன்பதோ பத்தோ பாடங்களைப் பயின்ற நிலையிலிருந்து ஒரே கோடை விடுமுறையின் இடைவெளியில் மூன்று பாடங்களுக்குச் சுருங்கிவிடுகிறார். ஆறாம் படிவம் எனப்படும் இவ்விரண்டாண்டுக் கல்வியில் வரலாற்றையும் இலக்கியத்தையும் எடுத்தவர் கணிதத்தை அதன்பின் தொடாமலே பல்கலைக்கழகம் செல்லலாம். இயற்பியலை எடுத்தவர் ஒரு கட்டுரைகூட எழுதாமல் செல்லலாம். இந்த நடைமுறை எக்காரணத்தால் உருவாயிற்று என்பதே இங்கு ஆராயப்படும் வினா. படிவம் என்ற சொல்லைப் பற்றிச் சிறு எச்சரிக்கை தேவை. மலேசியத் தமிழில் ஆறாம் படிவம் என்பது இங்கிலாந்தில் குறிக்கும் அதே மேல்நிலைக் கல்வியையே குறிக்கிறது. பழைய சென்னை மாகாணத்திலோ ஆறாம் பாரம் என்பது எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் இறுதி வகுப்பின் பெயராக இருந்தது. பெயர் ஒன்றாயினும் கல்விப் படிநிலையில் இரண்டும் வேறு.

இவ்வினாவுக்கு இன்றுவரை செல்வாக்குடன் விளங்கும் விடையை அளித்தது, 'பதினைந்து முதல் பதினெட்டு வரை' என்ற தலைப்பில் 1959இல் வெளிவந்த கிரௌதர் அறிக்கையாகும். 'எகனாமிஸ்ட்' இதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த ஜெஃப்ரி கிரௌதரின் தலைமையில் மத்திய கல்வி ஆலோசனைக் குழு தயாரித்த அவ்வறிக்கை, ஆறாம் படிவத்தின் அடையாளங்களாக ஐந்தைக் காட்டியது: பல்கலைக்கழகத்துடன் நெருங்கிய தொடர்பு, சில பாடங்களில் ஆழ்ந்த சிறப்புப் பயிற்சி, தானாகப் படிக்கும் பழக்கம், ஆசிரியருக்கு அணுக்கமான சீடநிலை, சமூகப் பொறுப்பு. இவற்றுள் இரண்டாவதே அறிக்கையின் வாதத்துக்கு அச்சாணி. பதினாறு வயதை எட்டிய திறமையான மாணவர் இயல்பாகவே ஏதேனும் ஒரு துறையின்பால் மனம் சாய்ந்தவராக இருப்பார், அந்தச் சாய்வைத் தடுப்பது அறிவுவளர்ச்சிக்குக் கேடு, ஆகவே சில பாடங்களில் ஆழ்தல் என்பது ஆங்கிலக் கல்வி கண்டெடுத்த நல்வழி என்பது அதன் துணிபு. வேறு நாடுகள் இவ்வாறு செய்வதில்லை என்பதை அறிக்கை மறைக்கவில்லை. பல்கலைக்கழக இடங்களுக்கான போட்டி பள்ளிகளை நெருக்குகிறது என்பதையும் ஒப்புக்கொண்டது. அறிவியல் பயில்வோருக்கு எழுத்தறிவும் கலை பயில்வோருக்கு எண்ணறிவும் வேண்டுமென வாதிட்டு, அந்த எண்ணறிவுக்கென ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையே ஆக்கித் தந்ததும் இவ்வறிக்கைதான். எனினும் இவை யாவும் ஓர் அடிப்படையை மாற்றாமல் செய்யப்பட்ட திருத்தங்களே. சிறப்புப் பயிற்சி மாணவரின் மனவியல்பிலிருந்து எழுகிறது, நிறுவனங்கள் அதற்கு இடமளித்தன என்ற காரண வரிசையை அறிக்கை ஒருபோதும் திருப்பிப் பார்க்கவில்லை.

அவ்வரிசையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய கட்டாயத்தைக் காலவரிசையே ஏற்படுத்துகிறது. 1917இல் கல்வி வாரியம் வெளியிட்ட இடைநிலைப் பள்ளி விதிகள், 'மேல்நிலைப் பாடத்திட்டம்' என்ற புதிய வகையை ஏற்று, அதை நடத்தும் பள்ளிகளுக்குத் தனி மானியம் அளித்தன. அம்மானியம் பள்ளிக்கென்றோ மாணவர் தலைக்கென்றோ அளிக்கப்படாமல் பாடத் தொகுதிக்கு என்று அளிக்கப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. தொகுதிகள் தொடக்கத்தில் மூன்று: அறிவியலும் கணிதமும் ஒன்று, கிரேக்க இலத்தீன் செவ்வியல் கல்வி ஒன்று, நவீன மொழிகளும் வரலாறும் சார்ந்த கல்வி ஒன்று. 1918 முதல் நடத்தப்பட்ட உயர்பள்ளிச் சான்றிதழ்த் தேர்வும் இந்தப் பிரிவினையையே தழுவி, மாணவர் ஒரு தொகுதியைத் தேர்ந்து அதற்குள் முதன்மைப் பாடங்களையும், அவற்றுக்குப் பக்கத்துணையாகத் துணைப் பாடத்தையும் எழுதச் செய்தது. ஆக, இயற்பியலும் பிரெஞ்சும் ஒருசேரக் கற்க விரும்பிய மாணவருக்கு அவ்வழியைக் காட்டும் ஆசிரியரும் கால அட்டவணையும் மானியமும் இருக்கவில்லை. நாற்பதாண்டுகள் இத்தகைய வகுப்பறைகளில் பயின்று வந்த பிள்ளைகளைக் கண்ட குழு, அவர்கள் மனம் ஒருபக்கம் சாய்ந்திருப்பதாக முடிவு செய்தது. பாத்தி கட்டி நீர் பாய்ச்சியவர்கள் நீர் தானாகவே பாத்தி வடிவில் ஓடுகிறது என்று வியந்ததற்கு இது ஒப்பாகும்.

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு இடமுண்டு. 1917க்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, ஆங்கிலேயத் தனியார் உறைவிடப் பள்ளிகளில் செவ்வியல் பக்கம், நவீனப் பக்கம் என்ற பிரிவுகள் தோன்றியிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தம் உதவித்தொகைத் தேர்வுகளைத் தனித்தனிப் பாடங்களில் நடத்தியமையால், ஒரு பாடத்தில் மிகுதேர்ச்சி பெற்றவருக்கே பொருட்பயன் இருந்தது. எனவே மானிய விதி இல்லாத ஒன்றை உண்டாக்கியது என்று கூறுவது மிகையாகும். சில பள்ளிகளின் பழக்கமாக இருந்ததை அது நாடு முழுவதற்குமான சட்டகமாக்கியது என்பதே பொருந்தும். ஆயினும் இவ்வெதிர்வாதம் கிரௌதரின் கருத்துக்கு உதவவில்லை. பழைய பிரிவுகளும் கல்லூரிப் பரிசில்களின் நிழலில் வளர்ந்தவையேயன்றிச் சிறுவர் மனத்தை ஆராய்ந்து வகுக்கப்பட்டவை அல்ல.

மனவியல்பே காரணமெனில் எல்லை தாண்டியதும் அது மாறியிருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 1888 முதல் நடைபெற்ற பள்ளி இறுதிச் சான்றிதழ் வேறொரு மரபில் வளர்ந்தது. அங்குப் பதினேழு வயதில் உயர்நிலைப் பாடங்கள் ஐந்தை ஒருசேர எழுதுவது இயல்பான வழக்கம். நியூகாசிலில் மூன்று பாடங்களில் ஒடுங்கும் மனம் எடின்பரோவில் ஐந்தாக விரிவதற்கு உளவியல் விளக்கம் ஏதும் கூற இயலாது. இலங்கையின் சான்று இன்னும் கூர்மையானது. பிரித்தானியத் தேர்வு முறையிலிருந்து கிளைத்த கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) உயர்தரத்தில் நெடுங்காலம் நான்கு பாடங்கள் இருந்தன. மருத்துவத்தை நாடிய யாழ்ப்பாணத்து மாணவர் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் எழுதினார்; பொறியியலை நாடியவர் தூய கணிதம், பிரயோக கணிதம், இரசாயனவியல், பௌதிகவியல் எழுதினார். 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்தின்போது முதலிரண்டு பாடங்களும் இணைந்து உயிரியலாகவும் இணைந்த கணிதமாகவும் மாற, நான்கு மூன்றாயிற்று. அம்மாணவரின் நாட்டங்களில் ஒன்று உதிர்ந்துவிடவில்லை. பாடத்திட்டக் குழு இரண்டு பெயர்களை ஒன்றாக்கியது, அவ்வளவே. ஒரே மரபில் எண் இவ்வாறு மாறத்தக்கதாயின், அவ்வெண்ணை மனித இயல்புடன் பிணைப்பது எங்ஙனம்?

கிரௌதர் அறிக்கை வந்த மறு ஆண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கல்வித்துறையின் அலெக் பீட்டர்சன் அதற்கு மறுதலையான ஆய்வொன்றை வெளியிட்டார். ஆறாம் படிவத்தினரிடமே வினவியபோது, கலையும் அறிவியலும் கலந்த தேர்வை விரும்பியவர்கள் அத்தகைய தேர்வை நடப்பில் பெற்றவர்களைவிட மிகக் கூடுதலாக இருந்தனர் என்பது அவர் கண்டது. துறைச்சாய்வு பற்றிய துணிபுக்கு இதைவிட நேரான மறுப்பு அக்காலத்தில் வேறில்லை. பீட்டர்சன் பின்னாளில் சர்வதேச பட்டயப் படிப்பின் முதல் தலைமை இயக்குநரானார். ஆறு பாடங்கள் கொண்ட அத்திட்டத்திலும் பொதுவாக மூன்று மட்டுமே மேல்தரத்தில் பயிலப்படுகின்றன என்பது, மூன்று என்ற எண்ணின் பிடியிலிருந்து அதை எதிர்த்தவரும் முற்றும் விடுபடவில்லை என்பதைக் காட்டுகிறது.

அந்த எண்ணின் வரலாறுதான் இவ்வாய்வில் மிகக் கடினமான பகுதி. 1951இல் உயர்பள்ளிச் சான்றிதழ் நீக்கப்பட்டு, சாதாரண, உயர், புலமைப்பரிசில் எனத் தரங்கள் கொண்ட பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தபோது, தொகுதிக் கட்டாயம் அடியோடு அகன்றது. ஒரு பாடத்தில் தேறினாலும் சான்றிதழ் கிடைக்கும்; எதனுடன் எதைச் சேர்த்தாலும் தடையில்லை. மூன்று எழுத வேண்டும் என்று எந்த விதியும் அன்று கூறவில்லை. 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ்ப் பல்கலைக்கழக மாணவருக்கான கட்டாய உதவித்தொகைக்குக் கூட இரண்டு உயர்தரத் தேர்ச்சிகளே தகுதியாக வைக்கப்பட்டன. விதி எதையும் கேட்கவில்லை, சட்டம் இரண்டைக் கேட்டது, வழக்கமோ மூன்றில் நின்றது. இதனால் மூன்று பாட மரபுக்கு ஒரு பிறந்த ஆண்டைக் குறிப்பது பிழையாகும். அதை விதித்த ஆணையே இல்லாதபோது ஆணையின் தேதியைத் தேடுவதில் பொருளில்லை.

எனினும் அம்மரபு இறுகிய காலத்தை 1960களின் முற்பகுதியில் வைப்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கான மைய அமைப்பு 1961இல் நிறுவப்பட்டது. 1963இல் உயர்தரத் தேர்ச்சிக்கு ஏ முதல் இ வரை எழுத்துத் தரங்கள் வகுக்கப்பட்டு, எழுதியோரில் 10 சதவீதம் ஏ, 15 சதவீதம் பி, 10 சதவீதம் சி என்ற பங்கீடு பரிந்துரைக்கப்பட்டது. இம்முறை 1987 வரை நீடித்தது. எழுத்துத் தரங்கள் வராதவரை ஒருவரை மற்றவரோடு ஒப்பிடப் பாட எண்ணிக்கை ஓர் அளவுகோலாக இருந்திருக்கும். நான்காவது பாடத்துக்கு மதிப்பு இருந்திருக்கும். எழுத்துத் தரம் வந்தபின் மூன்று எழுத்துகளில் ஒரு மாணவரைச் சொல்லிவிட முடிந்தது. நான்காவது பாடம் மற்ற மூன்றின் எழுத்தைக் கீழிறக்கும் சுமையாயிற்று. இவ்விளக்கம் பெரிதும் சூழ்நிலைச் சான்றின்மீது நிற்பது உண்மையே. ஆனால் தொகுதிக் கட்டாயம் நீங்கியபின்னும் பாடங்கள் விரியாமற்போனதை வேறெந்த விளக்கமும் இந்த அளவுக்குத் தெளிவாக்கவில்லை. மாணவருக்கு விடுதலை அளித்த 1951ஐ, சேர்க்கை அலுவலரின் வசதி அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வென்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில், ஆய்வாளர் பலரும் சுருக்கெழுத்தென்று கருதிக் கடந்துவிடும் ஒரு பாடபேதத்தை நின்று நோக்குதல் தகும். ஏ.எஸ். என்ற ஈரெழுத்து இருவேறு விரிவுகளை உடையது. 1987இல் தொடங்கி 1989இல் முதன்முதல் எழுதப்பட்ட ஏ.எஸ். தேர்வின் இரண்டாம் எழுத்து 'சப்ளிமென்டரி' என்பதைக் குறித்தது. 2000ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சீர்திருத்தத்தில் வந்த ஏ.எஸ். தேர்விலோ அது 'சப்சிடியரி' என்பதைக் குறித்தது. தமிழில் இரண்டையும் துணை என்றே பெயர்த்துவிடலாம். அங்ஙனம் பெயர்த்தால் வேறுபாடு மறைந்துபோகும். முன்னது இணைத்துணை: உயர்தரத்தின் பாதி அளவும் முழுத் தரமும் உடையது, இரண்டாண்டுகளும் மற்றப் பாடங்களோடு ஓடுவது, அறிவியல் மாணவர் ஒரு மொழியையும் கலை மாணவர் கணிதத்தையும் விடாமல் வைத்துக்கொள்ளவென வகுக்கப்பட்டது. பின்னது கீழ்த்துணை: முதலாண்டின் இறுதியில் எழுதப்படுவது, தரத்தில் உயர்தரத்துக்கு ஒரு படி தாழ்ந்தது, முழு உயர்தரத்தின் முதற்பாதியாக எண்ணப்படுவது. முதல் ஏ.எஸ். பாடங்களை விரிக்கக் கருதியது. அதை எடுத்தோர் சிலரே. இரண்டாவது, பன்னிரண்டாம் ஆண்டில் நான்கு பாடங்களைத் தொடங்கி அடுத்த ஆண்டில் ஒன்றைக் கைவிடும் வழக்கத்தைப் பரப்பியது. அதாவது மூன்றுக்குச் செல்லும் பாதையை ஓராண்டு தள்ளிப்போட்டது. 'சப்சிடியரி' என்ற சொல் 1918ஆம் ஆண்டு உயர்பள்ளிச் சான்றிதழின் துணைப் பாடத்துக்குரிய அதே சொல் என்பதும் நோக்கத்தக்கது. அச்சொல்லை மீண்டும் எடுத்தவர்கள் பழைய வழக்கை அறிந்தே எடுத்தார்களா என்பதை உறுதி செய்ய இயலாது. அறியாமல் எடுத்திருப்பின், முதன்மை, துணை என்று பாடங்களைப் படிநிலைப்படுத்தும் நோக்கு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு அது இன்னும் வலுவான சான்று. 2015 முதல் இங்கிலாந்தில் ஏ.எஸ். முழு உயர்தரத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனித் தேர்வாயிற்று. பெரும்பாலான பள்ளிகளில் அது மங்க, மாணவர்கள் முதல்நாளிலிருந்தே மூன்றுக்குத் திரும்பினர்.

ஏனைய சீர்திருத்த முயற்சிகளின் கதை ஒரே அச்சில் வார்த்தது. 1970களின் என், எஃப் திட்டம் ஐந்து பாடங்களைக் கருதி 1979இல் கைவிடப்பட்டது. 1988இல் ஹிக்கின்சன் குழு மெலிந்த ஐந்து பாடங்களைப் பரிந்துரைக்க, தாட்சர் அரசு நிராகரித்தது. 2004இல் டாம்லின்சன் குழு தனித்தனிச் சான்றிதழ்களை ஒரே பட்டயத்துக்குள் அடக்க முயன்றது, 2005இன் வெள்ளை அறிக்கை அதை ஏற்கவில்லை. இதற்கிடையே தேர்வு செய்யும் மாணவருக்கு வழிகாட்டும் பணி பல்கலைக்கழகங்களின் கைக்கே சென்றது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமம் 2011இல் வெளியிட்ட கையேடு, கணிதம், மேற்கணிதம், ஆங்கில இலக்கியம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வரலாறு, புவியியல், மொழிகள் ஆகியவற்றைப் பல கதவுகளைத் திறக்கும் பாடங்களாகப் பட்டியலிட்டது. பட்டியலில் இல்லாத பாடங்கள் மதிப்பிழந்தனவாகப் பள்ளிகள் கருதத் தொடங்கவே, 2019இல் அப்பட்டியல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1917இல் வாரியம் மானியத்தால் செய்ததை, இங்குப் பட்டியல் ஒன்று ஆணையில்லாமலே செய்தது. மருத்துவத்துக்கு வேதியியல், பொறியியலுக்குக் கணிதம் என்று பின்னிருந்து முன்னாக எண்ணிப் பாடம் தேரும் பதினாறு வயதினரிடம் தெரிவது துறைச்சாய்வா, சேர்க்கை நிபந்தனையா என்பதைக் கிரௌதர் குழு பிரித்தறிய முயலாததே அதன் விளக்கத்தின் முதற்குறை.

2023 அக்டோபரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்த புதிய பிரித்தானியத் தகுதித் தேர்வு, மாணவர்கள் பொதுவாக ஐந்து பாடங்கள் பயில வேண்டுமெனவும், கணிதமும் ஆங்கிலமும் ஏதேனும் ஒரு வடிவில் அவற்றுள் அடங்க வேண்டுமெனவும் கூறியது. அந்த ஐந்தும் சமநிலையில் வைக்கப்படவில்லை. மூன்று பெரும் பாடங்கள், இரண்டு சிறு பாடங்கள் என்றே பிரிக்கப்பட்டன. 1918இன் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும் பெயர் மாறி வந்து நின்றன. ஆட்சி மாறியதும் 2024 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது.