தங்கால்: பாண்டியன் மன்னிப்புக் கேட்ட ஊர்

விருதுநகரிலிருந்து ரயிலில் வந்தால் சிவகாசிக்கு முந்தின ஸ்டேஷன் திருத்தங்கல். சிவகாசிக்காரர்கள் தங்கள் ஊர்க்கதையை, காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த பாண்டியனிலிருந்து ஆரம்பிப்பார்கள். திருத்தங்கல்காரர்களிடம் அது எடுபடாது. அவர்கள் ஊர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது, தங்கால் என்ற பெயரில். 2021ல் திருத்தங்கலைச் சிவகாசி மாநகராட்சியோடு சேர்த்தார்கள். பேரன் வீட்டுக்குப் பாட்டி குடிபோன கதைதான்!

மலைமேல் நின்ற நாராயணப் பெருமாள். 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். அதை இன்னொரு வாரம் பார்ப்போம். இந்த வாரம் வார்த்திகன் வழக்கு.

சிலப்பதிகாரத்தில், மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை இது. சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்ற அந்தணன், தங்காலில் ஒரு போதிமர மன்றத்தில் இளைப்பாறினான். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளிடம், ‘என்னோடு சேர்ந்து வேதம் ஓதுகிறவனுக்கு இந்த மூட்டை’ என்றான். வார்த்திகன் மகன், பால்மணம் மாறாத தட்சிணாமூர்த்தி, பிசகாமல் ஓதினான். முத்துப் பூணூல், கடகம், தோடு எல்லாம் அவனுக்கு.

ஏழை வார்த்திகன் வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை நகையா? அரசு சேவகர்களுக்குப் பொறுக்கவில்லை. புதையல் எடுத்து மறைத்துவிட்டான் என்று தகப்பனைச் சிறையில் போட்டார்கள். மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். மதுரையில் ஐயை என்னும் கொற்றவையின் கோயில் கதவு திறக்கவில்லை. பதறிப்போன பாண்டியன் விசாரித்தான். தவறு தெரிந்ததும் வார்த்திகனிடம் பொறுத்தருளக் கேட்டுத் தரையில் விழுந்தான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்தான். கதவு திறந்த சத்தம் மதுரைத் தெருவெல்லாம் கேட்டதாம். புதையலோ பிறர் கொடுத்ததோ, கிடைத்தவருக்கே சொந்தம் என்று யானைமேல் முரசறைந்தார்கள். நம் ஊர்த் தாலுகா ஆபீஸ்களில் வாசித்துக் காட்ட வேண்டிய உத்தரவு.

கோவலனைக் கொல்லவைத்தவன் ஒரு பொற்கொல்லன். தங்காலுக்கும் ஒரு பொற்கொல்லன் உண்டு, ஆனால் இவர் கவிஞர். புறநானூற்றில் 326ஆம் பாட்டு தங்கால் பொற்கொல்லனார் பாடியது. கரிசல் காட்டுக்காரர்களுக்கு அந்தக் காட்சி பிடிபடும். ராத்திரியில் காட்டுப்பூனைக்குப் பயந்து இளம் பெட்டைக்கோழி ஒன்று தொண்டை கிழியக் கத்துகிறது. பருத்தியில் வேலையாக இருந்த பெண் சிறு விளக்கோடு எழுந்து வருகிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்திலேயே சேவல் நிற்பதைப் பார்த்துப் பெட்டை அடங்குகிறது.

தீப்பெட்டி ஆபீஸ்கள் இந்த ஊருக்கு வந்தது அதற்கு எத்தனையோ நூற்றாண்டு கழித்து.