ஒரே நோய், இரண்டு பெயர்

1885 இல் பிராக் நகரத்துப் பெண்நோயியல் வைத்தியர் ஓகஸ்ட் பிரைஸ்கி ஒரு நோயைப் பற்றி எழுதினார். சில பெண்களின் பிறப்புறுப்புத் தோல் வெளிறி, காய்ந்து, சுருங்கிப் போயிருந்தது. 'குரௌரோசிஸ்' எண்டு பெயர் வைத்தார். காய்ந்து நொருங்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. இரண்டு வருஷம் கழித்து, பாரிஸில் ஹென்றி ஹலோப்போ என்ற தோல் வைத்தியர் இதே நோயைத் தோல் நோய்களில் ஒன்றாக விவரித்தார். இன்று நாங்கள் சொல்லும் 'லைக்கன் ஸ்கிளெரோசஸ்' அங்கேயிருந்து வருகிறது.

ஆண்களுக்கு வந்தபோது என்ன நடந்தது? 1928 இல் ஜேர்மன் வைத்தியர் ஸ்டூமர் அதற்கு 'பலனைட்டிஸ் செரோட்டிக்கா ஒப்ளிட்டரன்ஸ்' எண்டு இன்னொரு நீளப் பெயர் வைத்தார். பெண்ணைப் பார்த்தவர் ஒருவர், ஆணைப் பார்த்தவர் இன்னொருவர். 1940களில்தான், தோல் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் எண்டு சொன்னார்கள். அதற்குப் பிறகும் பழைய பெயர்கள் லேசில் போகவில்லை.

நோய் ஒன்றுதான், ஆனால் உடம்பில் நடப்பது ஒன்றல்ல. பெண்களுக்கு முதலில் தெரிவது கடி. இரவில் நித்திரை கொள்ள விடாத கடி. வெள்ளைத் திட்டு மலவாசலைச் சுற்றியும் பரவலாம். கவனிக்காமல் விட்டால் சிறிய இதழ்கள் கரைந்து ஒட்டிப்போகும், உடலுறவு வலியாகும். மாதவிடாய் நின்ற பிறகு கூடுதலாக வரும், பருவமடையாத சிறுமிகளுக்கும் வரும். ஆண்களுக்கோ முன்தோல் இறுகி, பின்னுக்கு இழுக்க ஏலாமல் போகும். சிலருக்குச் சிறுநீர்க் குழாயே ஒடுங்கும். மலவாசலில் வருவது மிக அரிது.

ஏன் இந்த வித்தியாசம்? பெண்களில் தைரொயிட் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய்களும் சேர்ந்திருப்பது கூடுதல். ஆண்களில் முன்தோலுக்குள் தங்கும் சிறுநீர் ஒரு காரணம் எண்டு பலர் நினைக்கிறார்கள். பிறந்தவுடன் சுன்னத்துச் செய்தவர்களுக்கு இது வருவது குறைவு.

இந்த வித்தியாசத்துக்குப் பெண்கள் கொடுத்த விலைதான் பெரிது. பல ஆண்களுக்கு முன்தோலை அகற்றினாலே நோய் போய்விடும். பெண்களுக்கும் கத்திதான் வழி எண்டு நினைத்தார்கள். புற்றுநோய்ப் பயத்தில், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பிறப்புறுப்பின் வெளிப்பகுதியையே வெட்டி எடுத்தார்கள். நோய் திரும்பி வந்தது. தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டினால், அதிலும் வந்தது! 1990களில் குளோபெட்டசோல் என்ற வலுவான ஸ்டீரொயிட் களிம்பு முதல் சிகிச்சையாக நிலைபெற்றது. இன்று ஆண், பெண் இருவருக்கும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

இது தொற்றாது, பாலியல் நோயும் இல்லை. ஊத்தையாய் இருந்ததால் வருவதும் இல்லை. புற்றுநோய் வரும் வாய்ப்புச் சிறிது, ஆனால் இருக்கிறது. அதால விட்டுவிட்டுப் போகாமல் தொடர்ந்து காட்ட வேணும். 'அந்த இடத்தில' கடி எண்டு உங்கட அம்மம்மாவோ தங்கச்சியோ சொன்னால், பங்கஸ் கிறீம் வாங்கிக் குடுத்து முடிக்காதேங்கோ. வெள்ளைத் திட்டு இருக்கோ எண்டு வைத்தியரிட்டக் காட்டச் சொல்லுங்கோ. பெடியள், முன்தோல் புதிதாக இறுகினால் உங்களுக்கும் இதே கதைதான்.