ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்

ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்பது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த, முழுவதும் மின்கலத்தால் இயங்கும் சிறு சுமையுந்து ஆகும். இது 2021 மே மாதம் அறிமுகப்படுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் நகரில் தயாரிக்கப்பட்டது. அந்நாட்டு உழவர்களிடையே பரவலாகப் பயன்படும் எஃப்-150 சுமையுந்தின் மின்வடிவம் இதுவாகும்.

பண்ணைப் பயன்பாடு

இவ்வண்டியின் சில வகைகளிலிருந்து 9.6 கிலோவாட் வரை வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் பெறலாம். இதனால் மின்கம்பி எட்டாத வயல்களிலும் பற்றவைப்புக் கருவி, மரமறுக்கும் வாள் போன்றவற்றைத் தனி மின்னாக்கியின்றி இயக்க முடியும். பகலில் பண்ணையைச் சுற்றி ஓடி, இரவில் வீட்டிலேயே மின்னேற்றம் பெறும் பயன்பாட்டிற்கு இது ஏற்றது.

குறைபாடுகள்

131 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட வகை, ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 515 கி.மீ. ஓடும் என அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. எனினும் பளுவான இழுவண்டியைப் பூட்டினால் இத்தொலைவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். கடுங்குளிரும் இதனைக் குறைக்கும். நாட்டுப்புறங்களில் விரைவு மின்னேற்று நிலையங்கள் குறைவு என்பதால், கால்நடைகளைத் தொலைவிலுள்ள சந்தைக்குக் கொண்டு செல்வோருக்கு இது பெருந்தடையாகும்.

2025 டிசம்பரில் இவ்வண்டியின் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த லைட்னிங்கில், ஓடும்போதே மின்கலத்திற்கு மின்னேற்றும் பெட்ரோல் பொறியும் இடம்பெறும் என அந்நிறுவனம் தெரிவித்தது.